மலையேறிய பந்து – 9: வெலிங்டன் வார்த்த கோல்கீப்பர்

சுதந்திரத்துக்குப் பிறகு டூரண்ட் கோப்பையை வென்றவர்களின் பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை படித்துப் பாருங்கள். 1950-ல் ஹைதராபாத் போலீஸ். 1951, 1952 இரண்டு ஆண்டும் ஈஸ்ட் பெங்கால். 1953-ல் மோகன் பகான். 1954-ல் மறுபடியும் ஹைதராபாத் போலீஸ். எல்லாம் பெரிய ஊர், பெரிய பெயர். அடுத்து 1955-க்கு நேராக மதராஸ் ரெஜிமென்டல் சென்டர் என்று இருக்கும். பெயரில்தான் மதராஸ். அணியின் வீடு குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் நடுவே, நம் மலை ரயில் நின்று போகும் வெலிங்டன். 1958-ல் அதே பெயர் இன்னொரு முறை வரும்.

கடந்த வாரங்களில் இந்த மலையில் வெள்ளைக்காரர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்தோம். ஊட்டி கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்ட ஸ்னூக்கரைப் பற்றி உலகம் முழுக்க எழுதுகிறார்கள். இதே மலையில் இருந்து போன கால்பந்து அணி இரண்டு முறை நாட்டின் மிகப் பழைய கோப்பையை வென்றது என்று சொன்னால், குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பத்துப் பேரில் ஒருவருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். எனக்கு இது பெரிய மனக்குறை. அந்த அணியின் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற பீட்டர் தங்கராஜின் கதையை இந்த வாரம் முழுதாக எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் களம். ஜெகதளா கிராமத்தை ஒட்டிய மேட்டில் 1850-களில் பிரிட்டிஷ் ராணுவம் பேரக்ஸ் கட்டியது. பிறகு வெலிங்டன் பிரபுவின் பெயரைச் சூட்டியது. சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் தாங்காத வெள்ளைச் சிப்பாய்கள் உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்த இடம் அது. 1947-ல், கோவைக்குப் பக்கத்து மதுக்கரையில் இருந்த மதராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம் மலையேறி இங்கே வந்தது. 1758-ல் தொடங்கிய ரெஜிமென்ட் இது. இந்திய ராணுவத்தின் காலாட்படைகளில் மூத்தது. தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம் என்று தெற்கின் கிராமங்களில் இருந்து ஆள் எடுத்து, இங்கேதான் சிப்பாயாக்குவார்கள். ராணுவம் முழுக்க இவர்களுக்குத் ‘தம்பி’ என்று பெயர். பேரக்ஸுக்கு இப்போது ஸ்ரீநாகேஷ் பேரக்ஸ் என்று பெயர்.

நீலகிரியில் எதற்குப் பஞ்சமோ இல்லையோ, சமதரைக்குப் பஞ்சம் உண்டு. எஸ்டேட் லைன் வீடுகளின் பக்கம் பையன்கள் ஆடும் மைதானம் எல்லாம் சரிவை வெட்டி நிரவியதுதான். ஒரு பக்கம் மண் சுவர், மறு பக்கம் தேயிலை. பந்தை ஓங்கி அடித்தால் இரண்டு வரப்பு தாண்டிக் கீழே உருண்டுவிடும். அடித்தவனே இறங்கிப் போய் எடுத்து வர வேண்டும் என்பது எழுதாத விதி. ராணுவத்துக்கு மட்டும்தான் அகலமான, சமமான பரேடு மைதானங்கள் இருந்தன. அங்கே காலையில் கவாத்து, சாயங்காலம் ஆட்டம்.

கடல் மட்டத்தில் இருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் காற்று சமவெளியை விட ஆறில் ஒரு பங்கு மெல்லியது. பந்தை அது அவ்வளவாகத் தடுக்காது. தில்லியில் கைக்குள் வந்து விழும் அடி இங்கே தலைக்கு மேலே போகும். ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்கும். பழகிவிட்டால் கீழே இறங்கி ஆடும்போது நெஞ்சு இளகிக் கொடுக்கும். மழை வேறு. தென்மேற்குப் பருவம் நனைத்தது போதாது என்று, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமும் குன்னூர்ப் பக்கம் கொட்டித் தீர்க்கும். அந்தக் காலத்துப் பந்து தோல் பட்டைகளைத் தைத்து, உள்ளே ரப்பர் பிளாடர் வைத்து, வாயைக் கயிறு கட்டி இறுக்கியது. ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கனக்கும். கயிறு இருக்கும் பக்கம் நெற்றியில் பட்டால் தழும்பு நிச்சயம். கோல்கீப்பர் அதைப் பெரும்பாலும் வெறுங்கையால்தான் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகும் நிம்மதி இல்லை. பந்தைக் கையில் வைத்திருக்கும் கீப்பரைத் தோளால் முட்டித் தள்ள அன்றைய விதி இடம் கொடுத்தது. உயரமும் உடம்பும் இல்லாதவன் அந்த இடத்தில் நிற்க முடியாது.

இந்த மலைக்கு 1953 வாக்கில் ராணுவத்தில் சேர்ந்து வந்த பையன்களில் ஒருவர் தங்கராஜ். 1935 டிசம்பர் 24-ல் ஹைதராபாத்தில் பிறந்தவர். செகந்திராபாத்தில் மார்னிங் ஸ்டார், ஃபிரெண்ட்ஸ் யூனியன் என்ற கிளப்புகளில் ஆடிப் பழகியவர். ஹைதராபாத் அன்றைக்கு இந்தியக் கால்பந்தின் தலைநகரங்களில் ஒன்று. பள்ளி ஆசிரியராக இருந்து பயிற்சியாளரான சையத் அப்துல் ரஹீம் அந்த ஊர் போலீஸ் அணியை நாட்டின் முதல் வரிசைக்குக் கொண்டுவந்திருந்தார். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவர், ஊர்ப் போலீஸ் அணிக்குப் போகாமல், நீலகிரி மலைமேல் ராணுவ அணிக்கு வந்தார். அங்கே அவர் ஆடிய இடம் சென்டர் பார்வர்டு. கோல் அடிக்கும் வேலை.

வெலிங்டனில்தான் அவர் முன்வரிசையில் இருந்து பின்வாங்கி கோல் கம்பங்களுக்கு நடுவே போனார். கால்பந்தில் இடம் மாறுவது புதிதல்ல. ஆனால் கோல் அடிக்கிறவர் கோல் தடுக்கிறவராவது எதிர்த்திசைப் பயணம். அதைச் செய்து, ஓரிரு ஆண்டுக்குள் இந்திய அணிக்கே கீப்பராகிவிட்டவர் வேறு யாராவது உண்டா என்று தேடினால் எளிதில் பெயர் அகப்படாது. 1955-ல் டாக்காவில் நடந்த நான்கு நாட்டுப் போட்டியில் இந்தியாவுக்காக முதன்முதலாக ஆடியபோது அவருக்கு வயது இருபதைத் தொட்டுக்கொண்டிருந்தது. முன்வரிசையில் ஆடியது வீண்போகவில்லை என்றே நினைக்கிறேன். கோல் அடிக்கப் போகிறவனின் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, எந்தக் காலைத் தயார் செய்கிறான் என்பது அந்த வேலையைச் செய்தவருக்குத்தான் சட்டென்று புரியும். ஆறடிக்கு மேற்பட்ட உயரம், நீண்ட கை. கார்னரில் இருந்து மிதந்து வரும் பந்தை மற்றவர்கள் தலைக்கு மேலே போய் எடுத்துவிடுவார்.

அந்த 1955-லேயே டூரண்ட் கோப்பையும் வந்தது. இறுதி ஆட்டத்தில் தோற்ற அணி இந்திய விமானப்படை. இதன் கனம் புரிய வேண்டுமானால் கோப்பையின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1888-ல் சிம்லாவில் மார்ட்டிமர் டூரண்ட் தொடங்கிய போட்டி இது. அரை நூற்றாண்டுக்கு மேல் பிரிட்டிஷ் ரெஜிமென்டுகளே மாறி மாறித் தூக்கிக்கொண்டு போயின. 1940-ல் போட்டி தில்லிக்கு வந்தது. அந்த ஆண்டு முகமதன் ஸ்போர்ட்டிங் வென்றபோதுதான் முதல்முறையாக ஓர் இந்திய அணியின் கைக்கு அது வந்தது. பதினைந்து ஆண்டு கழித்து, வெள்ளைச் சிப்பாய்கள் காலி செய்துவிட்டுப் போன பேரக்ஸில் இருந்து புறப்பட்ட தென்னிந்தியச் சிப்பாய்கள் அதே கோப்பையை வென்றார்கள். 1958-ல் கூர்க்கா பிரிகேடை வென்று மறுபடியும் எடுத்தார்கள். இடையில் 1957-ல் வென்றது ஹைதராபாத் போலீஸ். எட்டு ஒன்பது ஆண்டுக்குள் தெற்கத்தி அணிகள் ஐந்து முறை டூரண்டை வென்ற காலம் அது. இன்று அப்படி ஒரு காலம் இருந்ததா என்று கேட்கும் நிலையில் இருக்கிறோம்.

தங்கராஜ் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக் அணியில் இடம்பெற்றார். ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போய், நான்காம் இடம் பிடித்த அணி. நான்கே ஆண்டுக்கு முன் ஹெல்சின்கியில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடி யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்று அடிவாங்கிய நாடு. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். 1960-ல் முப்படைகளின் சர்வீசஸ் அணிக்குத் தலைமை தாங்கி, வங்கத்தைத் தோற்கடித்து, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். சர்வீசஸ் அதை வென்றது அதுதான் முதல் முறை. அதே ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் கீப்பராக நின்றார். ஹங்கேரியிடம் 1-2, பிரான்ஸோடு 1-1, பெருவிடம் 1-3. ஆட்டக் கணக்கைப் பார்த்தால் வெற்றி இல்லை. ஆனால் அந்த ஹங்கேரி பதக்கத்தோடு ஊர் திரும்பிய அணி. பிரான்ஸ் கடைசி நேரத்தில்தான் சமன் செய்தது. ஐரோப்பாவின் முன்வரிசைகளை நேருக்கு நேர் நின்று இந்தியா சமாளித்த நாட்கள் அவை.

பிறகு ஜகார்த்தா. 1962-ன் நான்காம் ஆசிய விளையாட்டு.

ஆகஸ்ட் கடைசியில் குழு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்றது இந்தியா. தங்கராஜ் ஃப்ளூ காய்ச்சலில் படுத்திருந்தார். வங்கத்தின் பிரத்யுத் பர்மன் கீப்பராக ஆடினார். அரையிறுதியில் தென் வியட்நாமை 3-2 என்று முடித்து இறுதிக்கு வந்தால், எதிரே மறுபடியும் கொரியா.

ஊர் நிலைமையோ மோசம். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா மறுத்திருந்தது. அப்படியென்றால் இதை ஆசிய விளையாட்டு என்று சொல்லக் கூடாது என்று ஆசிய விளையாட்டுச் சம்மேளனத்தின் இந்தியப் பிரதிநிதி சோந்தி வாதாடினார். ஜகார்த்தாவில் கோபம் மூண்டது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கொள்ளும் செனாயன் ஸ்டேடியத்தில் இந்தியா பந்தைத் தொட்டாலே ஊளையும் கூச்சலும்.

அன்றைக்குப் பயிற்சியாளர் ரஹீம் இரண்டு முடிவு எடுத்தார். தலையில் தையலோடு இருந்த பின்வரிசை ஆட்டக்காரர் ஜர்னைல் சிங்கை சென்டர் பார்வர்டாக இறக்கினார். முந்தைய ஆட்டங்களில் குறை வைக்காத பர்மனை உட்கார வைத்துவிட்டு, காய்ச்சலில் இருந்து எழுந்த தங்கராஜைக் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார். கொரியர்கள் உயரப் பந்து போடுவார்கள்; உயரத்துக்கு உயரம் வேண்டும் என்பது கணக்கு. முன்வரிசையில் இருந்து பின்னுக்குப் போன ஒருவரும், பின்வரிசையில் இருந்து முன்னுக்கு வந்த ஒருவரும் ஒரே ஆட்டத்தின் இரு முனையில் நின்றார்கள். 17-வது நிமிடம் பி.கே. பானர்ஜி ஒன்று, 20-வது நிமிடம் ஜர்னைல் சிங் ஒன்று. அதன் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் தடுக்கும் வேலைதான். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான் கொரியாவால் ஒரு கோல் திருப்ப முடிந்தது. 2-1. தங்கம். அந்த அரங்கில் இந்தியாவுக்காகக் கைதட்டியவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்று பி.கே. பானர்ஜி பின்னாளில் சொல்லியிருக்கிறார். ரஹீமுக்கு அப்போதே நுரையீரலில் புற்றுநோய். அடுத்த ஜூனில் காலமாகிவிட்டார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன் பிறகு தங்கம் வாங்கவே இல்லை.

தங்கராஜ் அதற்குள் கல்கத்தா போயிருந்தார். 1960-ல் முகமதன் ஸ்போர்ட்டிங், 1963-ல் மோகன் பகான், 1965-ல் ஈஸ்ட் பெங்கால். மூன்று பெரிய கிளப்புக்கும் ஆடுவது லேசான காரியம் இல்லை. மோகன் பகான் சட்டையைக் கழற்றி ஈஸ்ட் பெங்கால் சட்டையைப் போடுகிறவரை மன்னிக்கவே மாட்டார்கள் அந்த ஊர்க்காரர்கள். தங்கராஜை ஏற்றுக்கொண்டார்கள். மைதான் புல்வெளியில் கிளப் கூடாரத்துக்கு வெளியே டிக்கெட்டுக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும் ஜனங்களுக்கு, கோல் அடிக்கிற பி.கே., சுனி கோஸ்வாமி, பலராம் பெயர்களோடு கோல் தடுக்கிற ஒருவரின் பெயரும் மனப்பாடம் ஆகியிருந்தது. 1964-ல் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாம் இடம் வந்தபோதும் அவர் அணியில் இருந்தார். 1967-ல் அர்ஜுனா விருது. ஒரு கீப்பருக்குப் புகழ் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது ஆட்டம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அவர் தடுத்த நூறு யாருக்கும் நினைவிருக்காது. விட்ட ஒன்று நினைவிருக்கும். தங்கராஜ் அதை மீறியவர்.

அந்தக் காலத்தில் கால்பந்து ஆடிப் பிழைக்க முடியாது. சட்டப்படி எல்லோரும் அமெச்சூர். சோறு போட்டது ராணுவம், போலீஸ், ரயில்வே. வெலிங்டனில் ரேஷனும் சம்பளமும் சீருடையும் கிடைத்ததால்தான் ஓர் இளைஞரால் நாள் முழுக்க உடம்பையும் பந்தையும் கவனிக்க முடிந்தது. இதில் நமக்கும் ஜப்பானுக்கும் அன்றைக்கு வித்தியாசம் அதிகம் இல்லை. அங்கேயும் ஆட்டக்காரர்கள் கம்பெனி ஊழியர்கள். 1965-ல் எட்டு கம்பெனி அணிகளோடு ஜப்பான் லீக் தொடங்கியது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஏழு கோல் போட்டு ஜப்பானுக்கு வெண்கலம் வாங்கிக் கொடுத்த கமாமோட்டோ, யான்மார் டீசல் கம்பெனி ஆள்.

1962-ல் நம்மிடம் தோற்ற ஜப்பான் அதோடு நிற்கவில்லை. 1960-லேயே மேற்கு ஜெர்மனியில் இருந்து டெட்மார் கிராமர் என்ற பயிற்சியாளரை வரவழைத்திருந்தது. 1977-ல் ஒகுதேரா என்பவர் ஜெர்மனியின் கோல்ன் கிளப்புக்குப் போய் ஐரோப்பாவில் தொழில்முறையாக ஆடிய முதல் ஜப்பானியர் ஆனார். 1993-ல் முழுத் தொழில்முறை லீக் வந்தது. நாம் ரஹீமைப் புதைத்த பிறகு அவருடைய இடத்தை நிரப்பவில்லை. ராணுவ, போலீஸ் அணிகள் மெல்ல ஓரத்துக்குப் போயின. அவற்றின் இடத்தில் வேறு ஏற்பாடு எதையும் காலத்தில் செய்யவில்லை. 1996-ல்தான் தேசிய லீக் என்று ஒன்று வந்தது. நம் வீழ்ச்சிக்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல, இந்த முப்பது ஆண்டு அசட்டைதான் என்பது என் தீர்மானமான கருத்து.

காலம் எப்படித் திரும்பியது பாருங்கள். ஃபுகுஷிமாவில் 1988-ல் பிறந்த கட்சுமி யூசா என்ற ஜப்பானியர், பிழைப்புக்காகக் கால்பந்து ஆட இந்தியாவுக்கு வந்தார். ஓ.என்.ஜி.சி. அணியில் தொடங்கி மோகன் பகான் போனார். அந்தத் தேசிய லீக்கின் வாரிசான ஐ-லீக்கை 2014-15-ல் வென்ற மோகன் பகானில் அவர் நடுக்களத்தின் உயிர். சளைக்காமல் ஓடும் அந்தச் சிறிய உருவத்தைக் கொல்கத்தா தன் பிள்ளையாகவே பார்த்தது. பிறகு ஈஸ்ட் பெங்கால். பிறகு மணிப்பூரின் நெரோகா. 2019-20-ல் அவர் வந்து சேர்ந்தது, நம் மலையின் அடிவாரத்தில், கோவை நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக வைத்திருந்த சென்னை சிட்டி அணிக்கு. முந்தைய ஆண்டு ஐ-லீக் வென்ற அணி அது. நீலகிரியில் இருந்து பையன்கள் பஸ் பிடித்து இறங்கினால் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். தங்கராஜ் போட்ட மூன்று கொல்கத்தாச் சட்டைகளில் இரண்டைப் போட்டவர் கட்சுமி. முன்னவரை வளர்த்தது ஒரு ரெஜிமென்ட். பின்னவரை வளர்த்தது ஒரு நாடு திட்டம் போட்டுக் கட்டிய அமைப்பு. நட்சத்திரமாக இல்லாத ஒரு ஜப்பானிய ஆட்டக்காரர்கூட வெளிநாட்டில் பல ஆண்டு கௌரவமாக ஆடிச் சம்பாதிக்க முடிகிறது என்றால், அந்த அமைப்பின் பலம் அதுதான்.

தங்கராஜ் ஆட்டத்தை நிறுத்திய பிறகு பயிற்சியாளராக இருந்தார். பொகாரோ உருக்காலை நகரத்தில் குடியமர்ந்தார். அங்கேயே 2008 நவம்பர் 24-ல், எழுபத்திரண்டு வயதில், மாரடைப்பால் காலமானார்.

குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்றும் பள்ளிவிட்டதும் பந்தோடு இறங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் கம்பங்களுக்கு நடுவே நிற்க யாருக்கும் ஆசை இருக்காது; உயரமான பையனைப் பிடித்து நிறுத்துவார்கள். அந்தப் பையனிடம் வெலிங்டனைக் காட்டி, அங்கே இருந்து ஒரு கீப்பர் ரோம் வரை போனார், ஜகார்த்தாவில் தங்கம் எடுத்தார் என்று உடற்பயிற்சி ஆசிரியர்கள் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் பள்ளிகளுக்கிடையே ஆட்டம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: டிசம்பர் 24 அவர் பிறந்த நாள், அரையாண்டு விடுமுறையை ஒட்டி வரும் நாள். அன்றைக்கு ஓர் ஆட்டம் வையுங்கள். சிறந்த கோல்கீப்பருக்கு அவர் பெயரில் ஒரு கோப்பை கொடுங்கள்.

(தொடரும்)